வாப்பாவின் கெராங் பாத்தி

ஜார்ஜ் டவுன்
4 பிப்ரவரி 2024

ஹாஜராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன். அன்புள்ள என்று எழுதவில்லை, கவனித்திருப்பாய். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி சுகம். உன் சுகத்தையும் கேட்டதாக வைத்துக்கொள்.

என் மகள் சித்தி ஆயிஷாவின் கல்யாணப் பந்தலில் ஊர் கேட்க உன்னிடம் ஒன்று சொன்னேன். "இனிமே ஒன் கொரலு என் காதுல விழக் கூடாது." இருபது வருடமாகச் சொன்ன சொல்லில் நிற்கிறேன். உம்மா மௌத்தானபோது நீ என் பக்கத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதினாய். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நீயும் அந்தச் சொல்லில் நிற்கிறாய் என்று அன்று தெரிந்துகொண்டேன். ஆனால் எழுத்து காதில் விழுவதில்லையே. அதனால் போனை விட்டுப் பேனாவை எடுத்தேன். என் பேரன் ஹைக்கல் சிரிக்கிறான். "நன்னி, கடல் பாலம் ஏறுனா ஒரு மணி நேரத்துல பத்து காவான். அதுக்குப் போய் ஸ்டாம்ப் ஒட்டுறீங்களே லா!" ஒட்டுகிறேன், இவனுக்கென்ன? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். உன்னை ஆறாம் வகுப்பு வரை அனுப்பினார்கள். அதையும் நான் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் சாஹித் நேற்று நம் நாசி கண்டார் கடைக்குச் சாப்பிட வந்தான். முகம் வாடியிருந்தது. தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டான். என்னடா என்றேன்.

"முடியல பெரியும்மா. வெத போடுறேன், செத்துப்போவுது. வெயில்னா சேறு கொதிக்குது, மழைன்னா தண்ணியில உப்பு போயிருது. இந்த வருஷக் கடைசியில பாத்தி லைசென்ஸ விட்டுட்டு ஃபேக்டரி வேலைக்கே முழுசா போயிடலாம்னு பாக்குறேன்."

விடுவதற்கு அவன் யார்? அது நம் வாப்பா கடல் சேற்றில் கெராங் சிப்பி வளர்த்த பாத்தி. கடையை எனக்கும் பாத்தியை உனக்கும் என்று பிரித்துக் கொடுத்தபோது வாப்பா இரண்டு பேர் தலையிலும் கை வைத்தார். என் வீட்டுக்காரர் மௌத்தான நாளைத் தவிர, கடையில் நான் ஒரு நாள் அடுப்பை அணைய விட்டிருக்கிறேனா? நீ உன் பங்கைக் கடலுக்குத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறாய். பதில் எழுது.

உன் லாத்தா
ருக்கையா


பத்து காவான்
26 பிப்ரவரி 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அல்லாஹ் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் சர்க்கரைக்கு காலை நடை நல்லது என்கிறார்கள். சாஹித் அத்தாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான்.

சாஹித் சொன்னது உண்மை. வாப்பா இருந்தபோது நாம் விதை வாங்கியதே இல்லை, உங்களுக்குத் தெரியும். காற்று திரும்பும் மாதத்தில் கடலே கொண்டுவந்து போடும். சேற்றைக் கையில் அள்ளினால் அரிசி நொய் மாதிரி குட்டிக் கெராங் இருக்கும். கரையில் இருந்த பாக்காவ் மரங்களை வெட்டிய பிறகு அது நின்றுபோனது. அந்த மரங்களின் வேர்கள்தான் அலையைத் தடுத்துச் சேற்றைப் படிய வைத்துக்கொண்டிருந்தன. இப்போது எங்கிருந்தோ வரும் புது மண் வந்து மூடுகிறது. விதை உட்கார்ந்தாலும் மூச்சு முட்டிப்போகிறது.

பக்கத்து வீட்டு ரோஹானாவும் வேறு சில பெண்களும் சில வருடமாக பாக்காவ் நட்டு வருகிறார்கள். நானும் போவேன். முதலில் நட்டவை இப்போது சாஹித் உயரத்துக்கு மேலே. அந்த மரங்களுக்கு முன்னால் இருக்கும் சேறு மட்டும் அமைதியாக இருக்கிறது. சாஹித் கடைசியாக ஒருமுறை வெளியிலிருந்து விதை வாங்கி அந்த இடத்தில் போட்டிருக்கிறான். வருடக் கடைசி மழையைத் தாண்டிப் பிழைத்தால் லைசென்ஸைப் புதுப்பிப்பான். இல்லாவிட்டால் விட்டுவிடுவான். நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

துஆ செய்யுங்கள்.

அன்புத் தங்கை
சித்தி ஹாஜரா


ஜார்ஜ் டவுன்
19 மார்ச் 2024

ஹாஜராவுக்கு,

ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. வெயில் மட்டும் மண்டையைப் பிளக்கிறது. உன் வீட்டுக்காரர் முழங்காலோடு நின்று தொழ முடியாவிட்டால் நாற்காலியில் தொழட்டும், வீம்பு வேண்டாம் என்று சொல்.

பாக்காவ் நடுகிறாய் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம். ஆனால் நல்ல காரியத்தைக் காட்டி என்னை மறக்கடிக்க முடியாது. நோன்பு வைத்துக்கொண்டு மனதில் வைத்திருப்பது பாவம் என்கிறார் இமாம். அதனால் எழுதி இறக்கிவிடுகிறேன், நீ படித்துக்கொள்.

2003, ஷஃபான் மாதம். ஆயிஷாவின் மாமியார் வீட்டார் கெடாவிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, கெராங் சம்பால். என் வாப்பா பாத்திச் சிப்பி, பாருங்கள், என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். நீ மூன்று மூட்டை அனுப்பினாய். பிரித்தோம். முக்கால்வாசி வாயைப் பிளந்து கிடந்தது. நாற்றம் சமையல் பந்தலைத் தாண்டி மணவறை வரைக்கும் போனது. சம்பந்தி அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஊதா முந்தானை, ஜரிகைப் பூ போட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

நீ பச்சைச் சேலையில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "நல்லத மொத்த ஏவாரத் தவுக்கேக்கு வித்துட்டு மிச்சத்த எனக்கு அனுப்புனியா?" என்று கேட்டேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னாயா? வாயைத் திறந்தாயா? அதற்குப் பிறகுதான் உன் குரல் வேண்டாம் என்றேன். கேட்டபோது வராத குரல் எனக்கு எதற்கு?

இதற்கு உன் பதில் என்ன?

ருக்கையா


பத்து காவான்
11 ஜூன் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். பெருநாள் வாழ்த்தைக்கூடத் தாமதமாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விதை வளர்கிறது. என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. வெயில்தான் பயமாக இருக்கிறது. மதிய நேரத்தில் கடல் வற்றினால் சேறு வெறும் காலில் நிற்க முடியாதபடி சுடுகிறது. சேற்றுப் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி மறுகாலால் தள்ளிக்கொண்டு அவர் தினமும் பாத்தியைச் சுற்றி வருகிறார். டாக்டர் கூடாது என்றார். கேட்டால்தானே?

ஒரு நல்ல செய்தி. பாக்காவ் வேர்களுக்கு நடுவில் இறால் குஞ்சுகளைப் பார்த்தேன். கண்ணாடித் துண்டு மாதிரி, கண்கள் மட்டும் கறுப்பாக. ரோஹானா கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள், அவளுக்கும் அறுபது வயது.

கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

சித்தி ஹாஜரா


ஜார்ஜ் டவுன்
20 ஜூன் 2024

ஹாஜராவுக்கு,

ஸலாம். "படித்தேன்" என்று எழுத உனக்கு மூன்று மாதம் ஆனதா? அந்த ஒரு சொல்லை ஆறாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களா?

இருக்கட்டும். நான் கேட்பதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

இங்கே பசாரில் நல்ல மீனைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. நம் கடை மீன்முட்டைக் கறிக்கு முட்டை தேடி ஹைக்கல் அலைகிறான். மீன் விற்கிற நாகூர் மீரானிடம் நேற்று சண்டை போட்டேன்.

"என்ன மீரான், இது கெம்போங்கா நெத்திலியா?"

"அக்கா, நானா கடல்ல வளக்குறேன்? மேத்தண்ணி சூடாயிருச்சு. பெருசெல்லாம் ஆழத்துக்குப் போயிருது. வலையில வர்றது புள்ளைங்கதான்."

"புள்ளைங்கள ஏன் புடிக்கிறீங்க?"

"நீங்க வாங்குறீங்களே லா."

வாங்காமல் வந்துவிட்டேன். அன்று கடையில் கெம்போங் குழம்பு இல்லை. அவன் சொன்ன பதிலையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

இத்துடன் ஒரு போத்தல் தைலம் அனுப்புகிறேன். ஆயிஷா இந்தியாவுக்குப் போனபோது வாங்கி வந்தது. உன் வீட்டுக்காரர் முழங்காலுக்கு. உனக்கு அல்ல. அவர்மேல் எனக்கு ஒன்றுமில்லை. அவர் உனக்குச் சொல்லிக் கொடுத்து நீ கெட்டாயா, நீ சொல்லி அவர் கெட்டாரா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

கெராங் எந்த அளவு இருக்கிறது என்று மாதாமாதம் எழுது.

ருக்கையா


பத்து காவான்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். தைலம் வந்தது. அவர் தேய்த்துக்கொண்டு, "ருக்கையா மச்சி குடுத்த தைலமும் அவங்கள மாதிரியே எரியுது, ஆனா கேக்குது" என்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சுகம். எல்லாரும் சுகம்.

மாதாமாதம் எழுதச் சொன்னீர்கள். எழுதாததற்குக் காரணம், நல்லதாக எழுத ஒன்றும் இல்லை. கெராங் கட்டைவிரல் நகத்தைத் தாண்டிவிட்டது, அதில் குறையில்லை. ஆனால் இத்தனை மாத வெயிலில் களைத்துப்போயிருக்கிறது. நல்ல சிப்பியைத் தொட்டால் டக்கென்று வாயை மூடும். இவை யோசித்து யோசித்து மூடுகின்றன.

இப்போது மழை வரப்போகிறது என்கிறார்கள், பெரிய மழை. அது வருகிற நாட்கள் கடல் ஏறவும் இறங்கவும் சோம்பல்படும் நாட்களாக இருக்கின்றன. ஆற்று வெள்ளம் வந்தால் அலை அதை அடித்துக்கொண்டு போகாது. நல்ல தண்ணீர் அப்படியே பாத்திமேல் உட்கார்ந்துவிடும். உப்பு இல்லாத தண்ணீரில் கெராங் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். களைத்த கெராங்கால் முடியாது. வாயைத் திறந்துவிடும். திறந்தால் முடிந்தது.

இப்படி முன்பும் ஒரு வருடம் வந்தது. வெயில், பிறகு மழை. அப்போது பாத்தி முழுவதும்... சரி, பழைய கதை.

மழைக்கு முன்னால் அள்ளி, கடல் பக்கம் தாழ்ந்த பாத்திக்கு மாற்றினால் பிழைக்கலாம் என்கிறான் சாஹித். அங்கே அடியில் உப்புத் தண்ணீர் நிற்கும். ஆனால் வேலைக்கு நான், அவன், ரோஹானா மூன்று பேர்தான். இவரைப் பலகையில் ஏற வேண்டாம் என்று கட்டி வைத்திருக்கிறேன். முடிந்த அளவு மாற்றுவோம்.

உங்களைக் கவலைப்படுத்த எழுதவில்லை. கேட்டீர்கள் என்பதால் எழுதினேன்.

சித்தி ஹாஜரா


ஜார்ஜ் டவுன்
12 செப்டம்பர் 2024

ஹாஜரா,

ஸலாம். சுகம் விசாரிக்க நேரமில்லை.

பழைய கதை என்று எழுதிப் பாதியில் நிறுத்திவிட்டாய். மீதியை நான் எழுதுகிறேன், சரிதானா என்று பார்.

ஆயிஷா கல்யாணத்துக்கு முந்தின மாதங்களில் இந்த ஊரில் வெயில் எப்படி அடித்தது என்று எனக்குத் தெரியும். பள்ளிவாசல் புறாக்கள் பகல் முழுவதும் தரைக்கு இறங்கவில்லை. மருதாணி வைத்த அன்று மழை பிடித்தது. பந்தல் துணி தண்ணீரைத் தாங்கித் தொட்டில் மாதிரி தொங்கியது, என் மகன், ஹைக்கலின் அத்தா, துடைப்பக் கட்டையால் குத்திக் குத்தி இறக்கினான். ஆயிஷா கையில் மருதாணி காயவே இல்லை, வெளுத்துப் பிடித்தது. கல்யாணத்தன்று காலையிலும் மழை விடவில்லை. முதலில் வெயில், பிறகு விடாத மழை. உன் கடிதத்தில் இருப்பது அப்படியே.

வாப்பா பாத்தி அந்த மழையில்தான் செத்ததா? மிச்சத்தை அனுப்பினாயா என்று கேட்டேனே, மிச்சமே அவ்வளவுதானா?

உம்மா சொல்லி வளர்த்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போனால் உன் வீட்டுக் கவலையைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வை என்பார். நீ கழற்றி வைத்தாய். அதனால்தான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஊமை மாதிரி நின்றாய். சரி. கல்யாணம் முடிந்ததும் அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து சொல்லியிருக்கக் கூடாதா? குரல்தானே வேண்டாம் என்றேன்? இந்தப் பேனா உன் வீட்டிலும் இருந்ததே!

இத்தனை வருடம் ஒரு கோபத்தை அரிசி மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தேன். இன்றைக்குப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தவிடு. என் கோபத்தைப் பிடுங்கிவிட்டாய். இதற்காக உன்மேல் எனக்குப் புதுக் கோபம். இது பழையதைவிடப் பெரியது, சீக்கிரம் தீராது, சொல்லி வைக்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஹைக்கல் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவனோடு நம் கடை ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள், ரொட்டி மாஸ்டர் உட்பட. கடைக்குக் கதவு போட்டாயிற்று. "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று வாடிக்கைக்காரர்கள் பதறுகிறார்கள். தாத்தா மௌத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அடுப்பை அணைக்கிறோம் நன்னி என்றான் ஹைக்கல். வாப்பா பாத்திக்கும் அதே மரியாதை உண்டு என்றேன். ஆனால் இது மௌத்து ஆகக் கூடாது.

வேலை வாங்கு. தயவு பார்க்காதே. நான் வரவில்லை. வந்தால் நீ பேசுவாய்.

இனிமேல் நல்லதோ கெட்டதோ உடனே எழுது.

ருக்கையா


பத்து காவான்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். எல்லாரையும் பத்திரமாகத் திருப்பி அனுப்பினேன், வந்து சேர்ந்திருப்பார்கள். இங்கே எல்லாருக்கும் இடுப்பு வலி, மற்றபடி சுகம்.

உங்கள் ஆட்களைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். கறித் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மேசைக்கு மேசை ஓடுகிறவர்கள், சேற்றுப் பலகையில் ஏறியதும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். ஹைக்கல் முகமெல்லாம் சேறு. "சின்ன நன்னி, இதுக்கு நாசி கண்டாரே தேவல லா!" என்றான். ஆனால் மதியத்துக்குள் பழகிவிட்டார்கள். கம்பிக் கூடையால் அள்ளி, மூட்டை கட்டி, படகில் ஏற்றி, தாழ்ந்த பாத்திக்கு இழுத்துப் போனோம். அங்கே மறுபடி விதைக்க வேண்டும், ஒரே இடத்தில் குவிந்தால் ஒன்றையொன்று நெருக்கிச் சாகும். அதில்தான் உங்கள் ரொட்டி மாஸ்டர் எங்களை அசத்திவிட்டார். ரொட்டியை வீசுகிற அதே மணிக்கட்டு. ஒரு வீச்சில் ஒரு பாய் அகலத்துக்குச் சமமாக விழுகிறது. கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இவர், "முகம்மது சுல்தான்னு நாப்பது வருஷம் சேத்துல பேரெடுத்தேன். ஒரு ரொட்டிக்காரன் வந்து எடுத்துட்டுப் போயிட்டான்!" என்று சத்தம் போட்டார்.

முடிந்தவரை மாற்றிவிட்டோம். கொஞ்சம் பழைய இடத்திலேயே இருக்கிறது. முதல் மழை இன்று பிடித்திருக்கிறது.

நீங்கள் எழுதிய மீதிக் கதை சரிதான்.

பாத்தி முழுவதும் திறந்து கிடந்தது. இவர் பலகையில் அலைந்து அலைந்து மூடியிருந்ததை மட்டும் பொறுக்கினார். முழங்கால் அப்போது போனதுதான். அந்த மூன்று மூட்டையும் அனுப்பியபோது உயிரோடு இருந்தன, லாத்தா. உங்கள் வாசலுக்கு வருவதற்குள் வழியில் போய்விட்டன. எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை.

நீங்கள் என்னைத் திட்டினீர்கள். அன்றைக்கு என்னைக் கட்டிப் பிடித்து என்னடி ஆச்சு என்று கேட்டிருந்தால் கல்யாண வீட்டில் உட்கார்ந்து ஓலமிட்டிருப்பேன். திட்டினதால் கண்ணீர் வராமல் நின்றேன். அதன் பிறகு எழுதாததற்குக் காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீம்பில் நானும் அதே வாப்பாவின் மகள்தானே?

சித்தி ஹாஜரா


ஜார்ஜ் டவுன்
3 அக்டோபர் 2024

ஹாஜராவுக்கு,

ஸலாம். மழை. சாலையில் கணுக்கால் தண்ணீர். அங்கே எப்படி?

ருக்கையா


ஜார்ஜ் டவுன்
14 அக்டோபர் 2024

தங்கச்சி,

ஸலாம். மழை இன்னும் விடவில்லை. இரண்டு ஆட்டுக்கறிச் சட்டியைத் தீய விட்டேன். ஹைக்கல் என்னை அடுப்பங்கரைக்கு வர வேண்டாம் என்கிறான். ஒரு வரி எழுதினால் போதும்.

லாத்தா


பத்து காவான்
21 அக்டோபர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஸலாம். கெட்ட செய்தியை உடனே எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். பழைய இடத்தில் விட்டவை எல்லாம் செத்துவிட்டன. நேற்று நாற்றம் வீட்டு வரைக்கும் வந்தது. சாஹித் சாப்பிடாமல் வேலைக்குப் போனான். மாற்றியவை தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. கடல் நன்றாக வற்றுகிற நாள் வரைக்கும் தெரியாது. பயமாக இருக்கிறது.

இதை எழுதிய பிறகு மனம் லேசாக இருக்கிறது. முன்பே செய்திருக்கலாம்.

சித்தி ஹாஜரா


பத்து காவான்
6 டிசம்பர் 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் செய்தி, பிறகு சுகம்.

பிழைத்துவிட்டன. எல்லாம் இல்லை. ஆனால் மாற்றியதில் பாதிக்கு மேலே உயிரோடு இருக்கின்றன. சாஹித் ஒரு கூடை அள்ளிக் கரையில் கொட்டினான். கையை வைத்ததும் டக் டக்கென்று மூடிக்கொண்டன. இவர் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தார். "தாத்தா, பாவம், விடுங்க" என்று பேத்தி அமீரா கூடையை இழுத்துக்கொண்டு போனாள்.

இன்னொன்று. இதை நான் கண்ணால் பார்க்காமல் எழுதவில்லை. நேற்று பாக்காவ் மரங்களுக்கு முன்னால் சேற்றை அள்ளி வலைத்துணியில் போட்டுக் கழுவினேன். அரிசி நொய். வரி வரியாக முதுகு வைத்த நொய். நாங்கள் போட்ட விதை இல்லை, அது எப்போதோ பெரிதாகிவிட்டது. இது கடலே கொண்டுவந்து போட்டது. வாப்பா காலத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். அதிகம் இல்லை, ஒரு கை சேற்றில் நாலைந்துதான். அடுத்த வெயில் இதை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. மழைக்கு முன்னால் மாற்றுகிற வேலை இனி வருடா வருடம் இருக்கும் என்கிறான் சாஹித். ஆனாலும் வந்திருக்கிறது.

சாஹித் லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டான். ஃபேக்டரி வேலையையும் விடவில்லை. இரண்டையும் பார்க்கிறேன் என்கிறான், பாத்தியில் ஒரு பகுதியைத் தொடாமல் கடலுக்கே விட்டு வைக்கப்போகிறானாம்.

நாங்கள் சுகம். உங்கள் சர்க்கரை எப்படி?

நீங்கள் வந்து பார்க்க வேண்டும். நான் பேசமாட்டேன், பயப்படாமல் வாருங்கள்.

தங்கை ஹாஜரா


ஜார்ஜ் டவுன்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள ஹாஜராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக வந்து சேர்ந்தேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது, டாக்டரே இரண்டு தரம் பார்த்தார்.

நேற்று நடந்ததை எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நீ வேறு மாதிரி சொல்வாய்.

நான் காரை விட்டு இறங்கியதும் நீ ஓடி வந்தாய். தலை முழுவதும் நரைத்துவிட்டது உனக்கு. வாயைக் கையால் பொத்திக்கொண்டு சலாமுக்குத் தலையை மட்டும் ஆட்டினாய். ரோஹானா போட்ட மரப்பலகை நடைபாதையில் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாய். ஒரு மரத்தைத் தொட்டு, அது உன் தலைக்கு மேலே போய்விட்டதைக் காட்டினாய், அதை நட்டபோது அது எவ்வளவு சின்னது என்று கையைத் தாழ்த்திக் காட்டினாய். சேற்றை அள்ளிக் கழுவி என் உள்ளங்கையில் நாலு நொய்யை வைத்தாய். அப்போதும் பேசவில்லை. உன் மருமகள் பின்னால் நின்று, "ரெண்டு பேரும் ஊமைப்படம் ஓட்டுறாங்க" என்று ஹைக்கலிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவளையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

பிறகு நான் பலகையின் ஓரத்துக்கு நடந்தேன். கால் வழுக்கியது. முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கினேன்.

"லாத்தா! அசையாதீங்க! அசஞ்சா இன்னும் எறங்கும்! சாஹித், ஓடியா! லாத்தா, என் கையப் புடிங்க, என்னையப் பாருங்க, கீழ பாக்காதீங்க!"

இருபத்தோரு வருடத்துக்குப் பிறகு உன் குரல். கரகரத்துப்போயிருக்கிறது, உம்மா குரல் மாதிரியே ஆகிவிட்டது. பேச ஆரம்பித்தவள் காரில் ஏறும் வரைக்கும் நிறுத்தவில்லை.

ஆகவே, சொல்லை மீறியது நீ. நான் கேட்கப் போகவில்லை, தானாக வந்து காதில் விழுந்தது. இது தெளிவாக இருக்கட்டும். வழி நெடுக ஹைக்கல் என்னைக் குடைந்தான். "நன்னி, உங்களுக்குக் கண்ணுல ஆபரேஷன் பண்ணி நல்லாத்தானே தெரியுது? பலக முடியுறது தெரியலையா?" வண்டியைப் பார்த்து ஓட்டு என்றேன்.

என் இடது செருப்பு சேற்றிலேயே போய்விட்டது. தேடி எடுக்க வேண்டாம் என்று சாஹித்திடம் சொல். வாப்பா பாத்தியில் அது கிடக்கட்டும். கடை வாசலில் நான் வெறுங்காலோடு இறங்கியதைப் பார்த்து ரொட்டி மாஸ்டர் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு போன் செய். நொய் எந்த அளவு வந்திருக்கிறது என்று சொல். புதுக் கோபம் அப்படியே இருக்கிறது, அதனால் நான் அதிகம் பேசமாட்டேன். நீ பேசு.

உன் லாத்தா
ருக்கையா